வண்டி நிற்க வேண்டிய இடம்

சாத்தூர் போகும் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. நான் இறங்க வேண்டிய விலக்கில் பஸ்ஸை நிறுத்தாமல் போய்விட்டார்கள் என்பதுதான் சண்டை. விலக்கு என்றால் பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் பாதை பிரியும் இடம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருடைய முகவரி ஏதாவது ஒரு விலக்கில்தான் தொடங்கும். போனில் ஜாபர். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர், சுலைகாவின் தம்பி. "அண்ணாச்சி, அக்கா மவுத்தாயிட்டாக" என்றார். இறந்தது எந்த அக்கா என்று கேட்டேன். அவருக்கு இருந்தது ஒரே அக்கா. அறுபத்துமூன்று வயதில் இதைவிட மடத்தனமான கேள்வி ஒன்றை நான் கேட்டதில்லை. அதுவரை என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே விசிலடித்து பஸ்ஸை நிறுத்தி, என் பையையும் எடுத்துக் கொடுத்தார்.

இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நடுவில் அழுது தொலைப்பேன், உங்களுக்கும் சங்கடம். ஆகவே எழுதுகிறேன். கல்லூரியில் அவரோடு புவியியல் நடத்தியவர்கள், விஸ்வநத்தத்தில் அவர் தெருவில் குடியிருப்பவர்கள், தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் என்று அவரை அறிந்த எல்லாருக்குமாக எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மேஜை மேல் ஒரு மனு கிடக்கிறது. விஸ்வநத்தத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டது. தாயில்பட்டி விலக்கில் நிற்கும் ஆம்புலன்ஸ் வண்டியை, சுலைகாவின் நினைவாக, பழையபடி விஸ்வநத்தத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்கிற மனு. அதை எழுதியவன் நான்தான். அதை என்ன செய்யப்போகிறேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் ஓர் அரசு அலுவலகத்தின் திட்டப் பிரிவில் இருந்தேன். கிராமங்களுக்கு எந்த வசதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட்டு மேலே அனுப்புவது என் வேலை. ஆம்புலன்ஸ் விஸ்வநத்தத்தில் நின்றது. நான் காம்பஸை எடுத்து, அந்த இடத்தில் முள்ளைக் குத்தி ஒரு வட்டம் போட்டேன். தாயில்பட்டியும் அதைத் தாண்டிய கம்பெனிகளும் வட்டத்துக்குள் வந்துவிட்டன. எல்லா ஊருக்கும் வசதி இருக்கிறது என்று குறிப்பெழுதிவிட்டேன். ஆலோசனைக்காகக் கல்லூரியிலிருந்து வந்திருந்த சுலைகா அந்த வட்டத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சாதாரணமாக என்னை சார் என்பார். நான் தப்பு செய்யும்போது மட்டும் அண்ணாச்சி ஆகிவிடுவேன். "உங்க வட்டத்துக்குள்ள ரெண்டு கண்மாய் கிடக்கு, ஒரு ஓடை கிடக்கு. வண்டி நீந்தியா போகும் அண்ணாச்சி?" என்றார். பிரிவே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை சுடச்சுடச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் காம்பஸை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "இது கையில இருக்கிற வரைக்கும் நீங்க திருந்தமாட்டீக" என்றார். கடைசி வரை திருப்பித் தரவில்லை.

எவ்வளவு தூரம் என்று அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. எம்புட்டு நேரம் என்றுதான் கேட்பார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அதே கேள்விதான். ஜாபர் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். ஆனால் அந்தக் கேள்வியை வைத்துத்தான் அவர் என்னுடைய வட்டத்தை அழித்தார். மூன்று மாதம், கல்லூரி இல்லாத நாளெல்லாம், கம்பெனி வேன்களில் வேலையாட்களோடு போய் வந்தார். எந்தப் பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், தீபாவளி சீசனில் லோடு லாரிகள் எந்த நேரத்தில் வழியை அடைக்கும், வேலை விட்டு எல்லா வேன்களும் ஒன்றாகக் கிளம்பும்போது எவ்வளவு நேரம் கூடும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். நானும் சில நாள் கூடப் போனேன். வேனில் எனக்கு உட்கார இடம் கிடைக்காது, அவருக்கு மட்டும் எப்படியாவது கிடைத்துவிடும். "மேப்புல எல்லா ஊரும் ஒரே மாதிரிப் புள்ளிதான் சார். காத்துக்கிடக்கிற நேரம்தான் ஊருக்கு ஊர் வேற" என்று ஒருநாள் சொன்னார். அதைச் சொன்ன வேனில்தான் பேச்சியம்மாளும் இருந்தார்.

பேச்சியம்மாளை உங்களில் பலருக்குத் தெரியும். தாயில்பட்டிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவே ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். ஒருநாள் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் தீப்பற்றியது. அவரை வெளியே தூக்கிவந்து வேப்ப மரத்தடியில் கிடத்திவிட்டு, விஸ்வநத்தத்திலிருந்து வண்டி வருவதற்காகக் காத்திருந்தார்கள். வண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். இதைப் பேச்சியம்மாள் யாரையும் குறை சொல்லாமல், ஊர்ச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார். மறுநாள் காலையில் சுலைகா என் மேஜைக்கு வந்து, "வண்டி தாயில்பட்டி விலக்குலதான் சார் நிக்கணும்" என்றார்.

இந்தப் பக்கத்துக்கு இருப்பது ஒரே வண்டி. இரண்டாவது வண்டி கேட்டு அவர் முதலிலேயே எழுதினார், கிடைக்கவில்லை. இருக்கிற இடத்திலிருந்து எடுத்துத்தான் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அது இருந்த இடமோ அவர் வீட்டுத் தெரு முனை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அவர் வீட்டு வாசலில் நின்றால் வண்டியின் பின்புறம் தெரியும். வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும்தான். அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. விஸ்வநத்தத்தில் கூட்டம் போட்டு ஊரார் கேட்டபோது நானும் இருந்தேன். "நம்ம தெருவுல நிக்கிற வண்டியை நீங்களே தூக்கிக் குடுக்கீகளே டீச்சர், நாளைக்கு உங்க அம்மாவுக்கே ஒண்ணுன்னா என்ன செய்வீக?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சுலைகா எழுந்து, "நமக்கு ஆட்டோ இருக்கு, நல்ல ரோடு இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. அங்கன இது ஒண்ணுமே இல்ல. அப்படியும் ஒண்ணுன்னா, மத்தவுக மாதிரி நாங்களும் காத்திருப்போம்" என்றார். கூட்டத்தில் சிலர் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தெருவில் சிலர் அவரோடு சரியாகப் பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் யார் என்று இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது.

வண்டி இடம் மாறியது. அவர் என்னிடம் பெருமையாக ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டி ஒவ்வொரு தடவை எங்கே போனது, எத்தனை நிமிஷத்தில் போனது என்று ஓட்டுநரிடம் போனில் கேட்டு எழுதிக்கொள்வார். யாராவது பிழைத்துவிட்டதாகச் செய்தி வந்தால் அன்று எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வரும். மோசமான செய்தி என்றால் எதுவும் வராது, நானும் கேட்கமாட்டேன்.

எனக்குப் போன் வந்த அன்று காலையில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. வண்டிக்குச் சொல்லியாயிற்று. ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்று சிலர், நெஞ்சுவலிக்காரரை மடக்கி உட்காரவைக்கக் கூடாது, வண்டியில் ஆக்சிஜன் இருக்கும், இதோ வந்துவிடும் என்று சிலர். கடைசியில் காத்திருப்பது என்று முடிவாயிற்று. வண்டி வந்தபோது மூச்சு இல்லை. முன்னாடியே கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை நான் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

அடக்கத்தின்போது ஓட்டுநர் பள்ளிவாசல் சுவரோரம் தனியாக நின்றார். நான் பக்கத்தில் போனதும், நான் எதுவும் கேட்காமலே, "இருவது நிமிசம் சார். அதுக்கு மேல என்னால முடியல" என்றார். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். உள்ளுக்குள் அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தும் ஆத்திரம். தெரு முனையில் வண்டி நின்ற பழைய இடத்தில் யாரோ ஒரு காரை நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் தெருக்காரர்கள் மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு தாயில்பட்டி நினைவிலேயே இல்லை. போன உயிருக்கு ஏதாவது ஒன்றைத் திருப்பி வாங்க வேண்டும், அவ்வளவுதான். முதல் கையெழுத்தை அவர் அம்மாவிடம் வாங்கினேன். "கொண்டாந்துருங்க தம்பி. எம் மகளுக்கு வராத வண்டி எதுக்கு அங்கன நிக்கணும்" என்று சொல்லிப் போட்டுக்கொடுத்தார். பெற்றவள் அப்படித்தான் சொல்லுவாள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் நான் அந்த வீட்டில் இருந்தபோது ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. பேச்சியம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் வேலை விட்டு நேராக வந்திருந்தார்கள். கழுவியும் போகாத மருந்துப் பொடி விரல்களில் வெள்ளியாக மின்னியது. மனு விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன். பேச்சியம்மாள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "வண்டிய நீங்களே திருப்பிக் கொண்டாந்துருங்கம்மா. எங்க பொருட்டு மகளைக் குடுத்துட்டு இருக்கீக. நாங்க முந்தி இருந்த மாதிரி இருந்துக்கிடுறோம்" என்றார்.

அம்மா, மகள் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "அன்னைக்கு உம் புருசன் எம்புட்டு நேரம்மா காத்துக்கிடந்தாரு?"

"அரை மணி நேரத்துக்கு மேல இருக்கும். தண்ணி தண்ணின்னு கேட்டாரு. டாக்டர் பாக்காமக் குடுக்கக் கூடாதுன்னாக. நான் குடுக்கல" என்றார் பேச்சியம்மாள். கொஞ்சம் கழித்து, "குடுத்திருக்கலாம்" என்றார்.

"இவளும் கேட்டாம்மா" என்றார் அம்மா. "வண்டி வந்துரும், அவுக பாத்துச் சொல்லட்டும்னு நானும் குடுக்கல."

அதற்குமேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. வாசலுக்கு வந்து நின்று அழுதேன். வேன் டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்ப உள்ளே போனபோது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "எம் பேரை அடிச்சிருங்க தம்பி" என்றார். பேனா எடுத்து அடித்தேன்.

மற்றவர்களின் கையெழுத்துகள் அப்படியே இருக்கின்றன. என் கையால் அந்த மனுவை நான் எங்கும் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன். கோபப்படுகிறவர்கள் என் வீட்டுக்கு வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். விஸ்வநத்தத்துக்கு இரண்டாவது வண்டி வேண்டும் என்று வேறொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். சுலைகா முதலில் கேட்டது அதைத்தான். அதில் முதல் கையெழுத்து அவர் அம்மாவுடையது, இரண்டாவது பேச்சியம்மாளுடையது. நீங்களும் வந்து போடுங்கள்.

போன வாரம் ஜாபர், காலண்டர் அனுப்புகிற அட்டைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அக்காவின் வரைபடம், கூடவே என் காம்பஸ். காம்பஸைப் பேச்சியம்மாளின் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன், பள்ளிக்கூடத்துக்கு ஆகும். வரைபடத்தை நான் வைத்துக்கொண்டேன். அதன் ஓரத்தில் ஊர்களை வரிசையாக எழுதி, வண்டி இடம் மாறுவதற்கு முன்னால் எத்தனை நிமிஷம், மாறினால் எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே போட்டிருக்கிறார். ஊர்க் கூட்டத்துக்கு முன்பே போட்ட கணக்கு. பேச்சியம்மாளின் கம்பெனிக்கு எதிரே முப்பத்தைந்து, பதினான்கு. அடுத்தடுத்த வரிகளில் மற்ற ஊர்கள். கடைசி வரியில் விஸ்வநத்தம், தண்ணீர்த் தொட்டித் தெரு. முன்னால் இரண்டு. மாறினால் இருபத்தொன்று. மற்ற ஊர்களுக்கு எழுதிய அதே நீல மையில், அதே கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.