ஒருவர் பேச, ஏனையோர் எழுவர்

எங்கள் ஊரில் ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டது. மழைநீர் வடிகாலைக் குறித்துக் கடலூரில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பெண் தன்னந்தனியே வீம்புக்கு நின்றாள் என்றும், அவள் பின்னால் குழு என்று எதுவும் எந்நாளும் இருந்ததில்லை என்றும் சிதம்பரத்துக் கடைத்தெருவில் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் என் மகள். குழு இருந்தது. அதன் பிறப்பையும் முடிவையும் அருகிருந்து கண்டவன் நான். கண்டவன் வாய்மூடி இருந்தால் காணாதவர் சொல்லே வரலாறாகிவிடும். ஆகவே இதை எழுதுகிறேன். எவரையும் பழிப்பதற்காக அன்று. அந்த இளையோர் நல்லவர்கள் என்பதையும் சேர்த்தே பதிவு செய்யவேண்டும் என்பதற்காக.

நான் கல்லூரியில் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவன். என் மகள் கட்டடப் பொறியாளர். சாலைக்கும் வாய்க்காலுக்கும் மட்டம் பார்த்துக் கணக்கிட்டுத் தரும் ஒரு தனியார் அலுவலகத்தில் பணி. அவளோடு சேர்ந்தவர்களுள் மூவரை மட்டும் இங்குக் குறித்தால் போதும். ஒருவர் பல் மருத்துவர், பரங்கிப்பேட்டைக்காரர். தமையன்மார் எல்லாரும் வளைகுடா நாடுகளில் இருக்க, தாம் மட்டும் இங்கேயே தொழில் செய்வேன் என்று நின்றவர். மற்றவர் வழக்கறிஞர், குமராட்சிப் பக்கத்து உழவர் குடியில் பிறந்தவர். மூன்றாமவர் என் மகளின் பள்ளித்தோழி, மேல்பட்டாம்பாக்கத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண், கணக்குத் தணிக்கையாளர். இன்னும் ஏழெட்டுப் பேர் வருவதும் போவதுமாக இருந்தனர்.

ஞாயிறுதோறும் மருத்துவமனைக்கு விடுமுறையாதலால் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலேயே கூடுவார்கள். ஒரு நாள் மகளை அழைத்துவரப் போனவனை உட்காரவைத்துத் தேநீர் தந்தார்கள். அன்று முதல் வாரந்தோறும் போய் ஓர் ஓரத்தில் இருந்துவிட்டு வருவது என் வழக்கமாயிற்று. சுவரில் சொத்தைப் பல்லின் படம். அதன் கீழே நகராட்சியின் வரைபடம் ஒட்டியிருக்கும்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. குழி விழுந்தப்புறம்தான் நம்மகிட்ட வருவாங்க" என்பார் மருத்துவர்.

"உனக்காவது வராங்கடா மச்சான். எங்கிட்ட வர்றவன் குழில விழுந்து காலை ஒடச்சிக்கினுதான் வர்றான்" என்பார் வழக்கறிஞர்.

"ரெண்டு பேரும் பில்லு குடுங்க, அப்புறம் பேசலாம்" என்பாள் தணிக்கையாளர்ப் பெண். பிறகு என்னிடம் திரும்பி, "அங்கிள், சாரி, ஐயா, பில்லுக்குத் தமிழ்ல என்னா?" என்பாள். நான் விடை சொல்வதற்குள் அறை முழுதும் சிரிப்பாகிவிடும். அவ்வேளைகளில் நானும் சிரித்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

அக்குழுவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அது ஏட்டில் எழுதி வகுத்ததன்று, தானே முளைத்தது. குமராட்சிக்குச் செல்லும் சிற்றுந்தின் மாலை நடையை நிறுத்திவிட்டார்கள். வயல் வேலைக்கும் கடை வேலைக்கும் வந்த பெண்கள் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்ப வழியின்றி நின்றார்கள். அதற்காக வழக்கறிஞர் முதன்முதலாக ஒரு குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசினார். அலுவலர் குறுக்கிட்டு, "நீங்க யாரு சார்பா பேசுறீங்க தம்பி?" என்று கேட்டார். நீதிமன்றத்தில் தடுமாறாதவர் அங்கே தடுமாறினார். அப்பொழுது பின்வரிசையில் நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை கேட்டது. பல் மருத்துவர் எழுந்து நின்றார். அடுத்து என் மகள். பிறகு ஒருவர் பின் ஒருவராக அனைவரும். எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அலுவலர் நிமிர்ந்து நோக்கிவிட்டு, "சரி, சொல்லுங்க" என்றார். மாலைச் சிற்றுந்து மீண்டும் ஓடியது.

அன்று முதல் அதுவே அவர்கள் முறை. எந்தப் பொருளோ அந்தப் பொருளுக்குரிய தொழிலறிந்தவர் பேசவேண்டும். அவர் எழுந்ததும் ஏனையோர் எழுந்து நிற்கவேண்டும். பேசுபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்காலிகளின் ஓசையே அவருக்குப் போதும். ஊரில் எத்தனையோ குழுக்கள் மாலையும் மேடையும் ஒளிப்படமுமாக இருந்தன. இவர்களோ எழுந்து நிற்பதை மட்டுமே தங்கள் குரலாகக் கொண்டார்கள். தெருவிளக்குக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் பள்ளிச் சுவருக்கும் அவ்வாறு நின்றார்கள். சிலவற்றில் வென்றார்கள், பலவற்றில் இல்லை. ஆனால் தோற்ற நாள்களிலும் என் மகள் உரத்த குரலோடு வீடு திரும்புவாள்.

பிறகு வந்தது வடிகால். எங்கள் ஊரின் மேற்குத் தெருக்களின் மழைநீரை ஓடைக்குக் கொண்டுசெல்லும் திறந்த வாய்க்கால் ஒன்று உண்டு. அதை மூடி, நீரைக் குழாய் வழியே திருப்பி, மேலே வணிக வளாகம் எழுப்ப ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. வாய்க்கால் கரையில் ஒரு தெரு. கூலித்தொழிலாளரும் சிறு வணிகரும் வாழ்வது. என் மகள் விடுமுறை நாள்களில் தன் மட்டக் கருவியோடு சென்று அத்தெருவை அளந்தாள். புதிய குழாயின் வாய், அத்தெருவின் தரையைவிட உயர்ந்து அமைகிறது என்று கண்டாள். நீர் மேட்டுக்கு ஏறாது, தெருவிலேயே தங்கும். அத்தெருப் பெண்களிடம் ஒரு தாம்பாளத்தில் நீரூற்றிச் சாய்த்துக் காட்டி அவள் விளக்கியபோது நான் உடனிருந்தேன்.

"அப்ப எங்க வீட்டுக்குள்ளதான் வரும்னு சொல்றியாம்மா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"பெரிய மழை வந்தா வரும்க்கா."

"இதப் போயி அவுங்ககிட்ட சொல்லுவியா?"

"நாங்க எல்லாரும் போயி சொல்லுவோம்க்கா."

கடலூர் மஞ்சக்குப்பத்து மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அன்று காலை அனைவரும் தணிக்கையாளர்ப் பெண்ணின் மகிழுந்திலும் மருத்துவரின் வண்டியிலுமாகச் சென்றார்கள். அலுவலகத்தில் சிறிது வேலை இருந்ததால் என் மகள் பின்தங்கி, என்னோடு பேருந்தில் வந்தாள். வழிநெடுக அளவுகளை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தவாறு இருந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவள் தோழர்கள் முன்னரே வந்து நடுவரிசைகளில் அமர்ந்திருந்தனர். வழக்கத்துக்கு மாறாக ஒன்றாக அமராமல், ஆங்காங்கே இருந்தனர். இடம் கிடைக்கவில்லை போலும் என்று எண்ணினேன். மருத்துவர் என்னைக் கண்டு தலையசைத்தார், புன்னகைக்கவில்லை.

வளாகம் வந்தால் வேலைவாய்ப்புப் பெருகும் என்று சிலர் பேசினர். அதன்பின் என் மகள் எழுந்து ஒலிவாங்கியை வாங்கினாள். அலுவலர் இனியவர், இகழ்ச்சியாக எதுவும் கேட்டாரில்லை. எல்லாரிடமும் கேட்ட கேள்வியைத்தான் அவளிடமும் கேட்டார்.

"நீங்க யாரு சார்பா பேசுறீங்கம்மா?"

அவள் விடை சொல்லவில்லை. விடை சொல்வது அவள் வேலையும் அன்று. முன்னோக்கி நின்றபடியே ஓசைக்காகக் காத்திருந்தாள். மின்விசிறிகள் சுழன்றன. எவரோ இருமினார். நாற்காலி ஒன்றும் அசையவில்லை.

அவள் அதுவரை எந்தக் கூட்டத்திலும் செய்யாத ஒன்றைச் செய்தாள், திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வழக்கறிஞர் தம் கைப்பேசியை நோக்கிக் குனிந்திருந்தார். தோழி நேரே பார்த்தபடி இருந்தாள், கண் கலங்கியிருந்தது. மருத்துவரின் கைகள் நாற்காலியின் இரு பிடிகளையும் பற்றியிருந்தன; எழப்போகிறார் என்றே நம்பினேன்.

நான் எழுந்தேன். எழவேண்டும் என்று எண்ணி எழவில்லை, உடல் எழுந்துவிட்டது.

அலுவலர் என்னை நோக்கி, "ஐயா நீங்க?" என்றார்.

"இவளுடைய தந்தை."

மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு பரவியது. தீய சிரிப்பன்று, திருமண வீட்டில் எழுவது போன்ற சிரிப்பு. "அப்பாவா. சரிங்கய்யா, நீங்க உக்காருங்க" என்றார் அலுவலர், மிக்க மதிப்போடு.

என் மகள் ஒலிவாங்கியை நெருங்கி, "என் சார்பா பேசுறேன் சார்" என்றாள். பிறகு ஓர் அளவும் விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுடைய குரலாகவும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் பேருந்து பு.முட்லூரைத் தாண்டியது. அவள் சாளரத்துக்கு வெளியே பார்த்தவாறே சொன்னாள்:

"நீங்க எந்திரிச்சிருக்க வேணாம்ப்பா."

"ஒருவரும் எழவில்லையே அம்மா."

"எந்திரிக்காமலே இருந்திருக்கட்டும். நான் ஒரு இன்ஜினியர் பேசுறேன்னாவது இருந்திருக்கும். நீங்க எந்திரிச்சதும் அது வீட்டு விஷயமா ஆயிடுச்சி."

பிறகு என் கைமேல் கை வைத்தாள். "உங்கள சொல்லலப்பா" என்றாள். அவளைத் தேற்றவேண்டிய நான், அவளால் தேற்றப்பட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

நடந்தது என்ன என்பதைப் பல் மருத்துவரின் வாயிலாகவே பின்னர் அறிந்தேன். சில நாள் கழித்து, மகள் பணிக்குச் சென்றிருந்த வேளையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். தண்ணீர் தந்தேன், குடிக்கவில்லை.

"நாங்க வரலன்னு மட்டும் சொல்லாதீங்க மாமா. வந்தோம்."

"வந்தீர்கள். கண்டேன்."

"என் கிளினிக் இருக்குற கட்டடம் அந்த வளாகத்துக்காரரோட சம்பந்தி கட்டடம். மொத நாள் சாயங்காலம் கட்டட ஓனர் கூப்ட்டு, 'நீங்களும் அந்தக் கூட்டத்துக்குப் போறீங்களா டாக்டர்'னு கேட்டாரு. அவ்ளோதான் மாமா கேட்டாரு. மெரட்டல்லாம் இல்ல. எனக்குதான் பயம் ஜாஸ்தி ஆயிடுச்சி."

வழக்கறிஞருக்கு அவருடைய மூத்த வழக்கறிஞர் வழியாகவும், தோழிக்கு அவளிடம் கணக்குக் கொடுக்கும் வணிகர் வழியாகவும், ஏனையோருக்கு வேறு வேறு வழிகளிலும் அதைப் போன்ற கேள்வியே வந்ததாம். ஒவ்வொருவரும் அதைத் தமக்குள் வைத்துக்கொண்டார். சொன்னால் ஏனையோர் ஊக்கம் குன்றும் என்று ஒருவர். கோழை என்று எண்ணிவிடுவார்கள் என்று மற்றவர்.

"எல்லாரும் எந்திரிப்பாங்க, நான் ஒருத்தன் உக்காந்திருந்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன் மாமா" என்றார். "அப்புறம் கேட்டா, அவனும் அதத்தான் நெனச்சிருக்கான். அவுங்களும் அதத்தான் நெனச்சிருக்காங்க."

எனக்குச் சினம் வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒருவரையொருவர் நம்பாமையால் உடைந்த கூட்டங்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். இது ஒருவரையொருவர் மிக நம்பியதால் உடைந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் எழுவார் என்று உறுதியாக நம்பினர். அந்த உறுதியின்மேல்தான் அமர்ந்திருந்தனர்.

அவர் வந்து சென்றதை மகளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "அவன் நல்லவன்ப்பா" என்றாள். "அவ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? சொல்லியிருந்தா நானே ஒக்காருன்னு சொல்லியிருப்பேனே" என்று தோழியைக் குறித்து மட்டும் கேட்டாள். அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை.

சண்டை ஏதும் நிகழவில்லை. ஞாயிறுகளில் அந்தக் காத்திருப்பு அறை பூட்டியிருக்கிறது. வழக்கறிஞர் எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி என் உடல்நலம் கேட்கிறார்; மகளின் நலம் கேட்பதில்லை. தோழி கிறித்துமசுக்குப் பலகாரம் அனுப்பினாள், வேறொருவர் கையில். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து, வாய்க்கால் பாதி மூடப்பட்டுவிட்டது.

வாய்க்கால் தெருப் பெண்கள் ஒருமுறை வந்தார்கள். "நீ பேசுனதக் கேள்விப்பட்டோம்மா, சூப்பரா பேசுனியாம். இன்னொரு தபா கலெக்டர் ஆபீசுக்குப் போலாமா? நாங்க பின்னாடி நிக்கிறோம்" என்று அழைத்தார்கள்.

"நீங்க பேசுங்கக்கா. அளவெல்லாம் நான் எழுதித் தர்றேன்" என்றாள் என் மகள்.

"ஏம்மா, நீ வரலியா?"

"வேல இருக்குக்கா."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். எழுதித் தந்தாள், பிழையின்றி, தெளிவாக. ஆனால் வாயில்வரைகூட அவர்களோடு செல்லவில்லை. பின்னால் நிற்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது அவள் முகத்தில் கண்டதை எழுத எனக்குச் சொல் இல்லை. சொற்களோடு வாழ்ந்தவன் இதை ஒப்புக்கொள்வது எளிதன்று.

இப்பொழுது ஐப்பசி நெருங்குகிறது. மழை பெய்தால் அத்தெரு மூழ்கும். பெய்யாவிட்டால், பார்த்தாயா, அந்தப் பெண் சொன்னது பொய் என்பார்கள். எதை வேண்டுவது என்று அறியாமல் மாலைதோறும் வானத்தைப் பார்க்கிறேன். அவள் பார்ப்பதில்லை.

நினைவிலிருந்து எழுதியுள்ளேன். உரையாடல்களில் ஒரு சொல் முன்பின்னாக இருக்கலாம். கூட்டத்தில் பேசியோரின் வரிசை பிறழ்ந்திருக்கலாம். அன்று அம்மண்டபத்தில் இருந்தவர்கள் இதைப் படித்தால் பிழைகளைத் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன். குறிப்பாக ஒன்று. நான் அமர்ந்திருந்த இடத்துக்கும் பின்வரிசையின் ஒரு பகுதிக்கும் இடையே ஒரு தூண் இருந்தது. அதன் மறுபுறம் நிகழ்ந்ததை நான் காணவில்லை. மின்விசிறி இரைச்சலில் மெல்லிய ஓசை எனக்குக் கேளாமலும் போயிருக்கலாம். அங்கே எவரேனும் எழுந்து நின்றிருந்தால், இக்கட்டுரை முழுவதும் தவறென்று ஆனாலும் பெரிதில்லை; தெரிவியுங்கள். நான் பிறகு திருத்திக்கொள்கிறேன். முதலில் என் மகளிடம் சொல்லவேண்டும்.