முழங்காலில் நிறுத்திய கித்தார்

எழுபதுகளின் நடுவில் மயிலாப்பூர்ப் பையன்கள் சிலருக்கு ஒரு வியாதி பிடித்தது. தலைமுடி தோளைத் தொடும், பெல்பாட்டம் தெருவைப் பெருக்கும், கண் மட்டும் பாதி மூடியே இருக்கும். கேட்டால் இசையில் மிதக்கிறார்களாம். மெரினாவில் அலை காலைத் தொட்டாலே அலறிக்கொண்டு ஓடுகிறவர்கள் இவர்கள்.

மிதப்பது எப்படி என்று எனக்குக் காட்ட, எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு பையன் அடையாறில் அவன் சிநேகிதன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். எங்கள் பங்குப் பையன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், சொந்தமாக எலெக்ட்ரிக் கித்தார் வைத்திருந்தான். மே மாதம், பட்டப்பகல். ஜன்னல்களை அடைத்தார்கள், ஊதுபத்தி கொளுத்தினார்கள், யாருடைய மாமாவோ கப்பலில் கொண்டுவந்த இசைத்தட்டைப் போட்டார்கள். போட்ட கையோடு மின்விசிறியை நிறுத்தினார்கள். அதன் சத்தம் இடைஞ்சலாம். வேர்த்து வழியத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டோம். கித்தார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பாடகன் கிணற்றுக்குள் விழுந்தவன் மாதிரி எங்கோ முனகினான்.

"பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன்.

"இதான் மச்சி பாட்டு. பேசாம கேளு" என்றது இருட்டில் ஒரு குரல்.

எழுந்து போய் மின்விசிறியைப் போட்டேன். அதன் பிறகு என்னை யாரும் அங்கே கூப்பிடவில்லை. நல்லதாகப் போயிற்று.

நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பது நான்தான். சம்பளம் கிடையாது, ஆனால் அதிகாரம் உண்டு. நற்கருணை அப்பம் வாங்கியதும் எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள். பாடல் முடிந்தால்தான் எழவேண்டும். கடைசி அடியைக் கொஞ்சம் இழுத்து நான் நிறுத்தினால் பங்குச் சாமியார் எழுவார், கோயிலே எழும். என் வகுப்பைக்கூட என்னால் அப்படி எழுந்து நிற்க வைக்க முடிந்ததில்லை. அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

அந்தக் கித்தார்ப் பையன் அதற்குத்தான் அடிபோட்டான். புதுமை என்றால் எங்கள் சாமியாருக்கு ஜிலேபி சாப்பிட்ட மாதிரி. "இளைஞர்களும் வரட்டுமே" என்று, மாதா திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, நற்கருணை நேரத்தை அவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். தி.நகரில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவிடம் எக்கோ மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றான் அவன். கம்பியை ஒரு தரம் தட்டினால் போதும், மெஷின் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். சோம்பேறிகளுக்கென்றே செய்த சாமான்.

தட்டினான். சத்தம் தூணுக்குத் தூண் மோதி அலைந்தது. ஓய்வதுபோல் இருந்ததும் சாமியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். மறுபடி தட்டினான், உட்கார்ந்தார். இன்னொரு தரம் எழுந்தார், இன்னொரு தரம் உட்கார்ந்தார். எது முதல் அடி, எது கடைசி அடி என்று தெரிந்தால்தானே? கோயில் முழுக்க முழங்காலில் நெளிந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் மீன்காரம்மா ஒருத்தி என் பக்கம் திரும்பி, "இன்னா நைனா, முடிஞ்சிச்சா, இன்னும் கீதா?" என்றாள்.

"அவனுக்கே தெரியாதும்மா" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவன் கதை இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

பூசை முடிந்து வாசலில் கூட்டம் நின்றது. திருநாளுக்கு யார் வாசிப்பது என்று சாமியார் அங்கேயே கேட்டார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்களைக் காட்டி, "இது கோயிலா, தூங்குற எடமா சாமி?" என்றேன். நாலு தலைகள் ஆடின. பையன் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சாமியார் முடிவெடுக்க முடியாமல் என் அம்மாவைப் பார்த்தார். மாதர் சங்கத்தில் மூத்தவள் அவள். அப்பா அந்த வருஷத் தொடக்கத்தில்தான் தவறியிருந்தார், அதனால் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

பெற்ற தாய் ஆயிற்றே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பையனே வாசிக்கட்டும் சாமி" என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்றே? அது பாட்டே இல்லியே!"

"இல்லாமப் போகட்டும். அப்பாவோட அடக்கப் பூசையில நீதானே வாசிச்சே? நான் அப்பதான் அவரை நெனச்சு மனசுக்குள்ள பேச ஆரம்பிச்சேன். அதுக்குள்ள நீ முடிச்சிட்டே. எல்லாரும் எழுந்தாங்க, நானும் எழுந்துட்டேன். இன்னைக்குத்தான்டா என்னை முழுசா அழ விட்டாங்க."

அவள் கண்கள் வீங்கியிருந்தன. ஊரார் முழங்காலைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அத்தனை பேர் முன்னால் வைத்துச் சொன்னாளே என்று அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

திருநாளன்று ஆண்கள் பக்கம் போய் முழங்காலிட்டேன். பூசை முழுக்க என் கை சும்மா இருந்தது அன்றுதான். அப்பாவின் அடக்கப் பூசையில்கூட அதற்கு வேலை இருந்தது. சுருதி பிசகாமல் வாசித்தேன் என்று அப்போது பெருமைப்பட்டதும் நினைவுக்கு வந்தது. பாழாய்ப்போன கித்தார் வழக்கம்போல் அழுது வடிய ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா இரண்டு தரம் இருமுவார், தான் வந்துவிட்டதை வீட்டுக்குச் சொல்கிற மாதிரி. அந்த இருமல் எனக்குக் கேட்டது. பிறகு அவர் சட்டையின் வாசனையும் வந்தது.

அந்த இசை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. தலையும் கிடையாது, வாலும் கிடையாது, வேலைவெட்டி இல்லாதவர்களின் சங்கீதம் அது. ஆனால் அன்றைக்குச் சத்தம் ஓய்ந்து, சாமியார் எழுந்து, என்னைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றபோது, அதற்குள் ஏன் நிறுத்தித் தொலைத்தான் என்று அவன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.