மாரியப்பன் வழுக்கி விழவில்லை

தென்காசி கோர்ட்டில் பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறுமாய் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். போலீஸ்மேல் நஷ்டஈடு கேட்டு ஒரு கேஸ் எடுத்ததும் முதலில் குதித்தது என் தம்பிதான். அவனும் போலீஸ்.

"ஏக்கா, ஒனக்கு வேற கேஸே கெடைக்கலியா?"

"ஒன் சோலியப் பாருலே" என்று போனை வைத்துவிட்டேன்.

கட்சிக்காரர் மாரியப்பன், ஐந்தருவியில் தள்ளுவண்டியில் மங்குஸ்தான் விற்பவர். வண்டியை ரோட்டில் நிறுத்தினார் என்று எஸ்.ஐ. அவரைக் கைது செய்தார். ஜீப்பில் ஏற்றும்போதே லத்தி அடியில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எஸ்.ஐ. தாக்கல் செய்த பதிலுரை வேறு கதை சொன்னது: 'வாதி அன்று காலை ஐந்தருவியில் குளிக்கும்போது பாறையில் வழுக்கி விழுந்தார். கைதின்போது யாரும் அவரை அடிக்கவில்லை.'

குற்றாலத்தில் இதை யார் நம்பமாட்டார்கள்? சீசனுக்குச் சீசன் ஆட்கள் விழத்தானே செய்கிறார்கள். நேரில் பார்த்த கடைக்காரர்கள் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. அவர்களும் அங்கேதானே பிழைக்கணும்.

குறுக்கு விசாரணைக்கு முந்தின நாள் எரிச்சலில் மாரியப்பனிடமே கத்தினேன். "எதுக்கு அண்ணாச்சி வண்டிய ரோட்டுக்குக் கொண்டு போனிய?"

"என்ன செய்யம்மா? அன்னைக்குத் தண்ணி கூடிப்போயி குளிக்கத் தடை போட்டுட்டாவ. அருவிப் பக்கம் ஈ காக்கா இல்ல. சனம் நின்னது ரோட்டுலதான்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இத ஏன் அண்ணாச்சி மொதல்லயே சொல்லல?"

"ஊருக்கே தெரியுமேம்மா."

மறுநாள் எஸ்.ஐ. கூண்டில் ஏறினார். கைது நடந்த அன்று ஐந்தருவியில் பந்தோபஸ்து ஒழுங்காக இருந்ததா என்று ரொம்பப் பணிவாய்க் கேட்டேன்.

"விடியிறதுக்கு முன்னாடியே யாரும் குளிக்கப் போகாம கயிறு கட்டிட்டோம், மேடம்."

"ஒங்க கண்ணுக்குத் தப்பி யாராவது குளிச்சிருக்கலாம்லா?"

"சான்ஸே இல்ல. சாயந்திரம் வரைக்கும் நானே நின்னேன். ஒருத்தரையும் உள்ள விடல."

"அப்ப என் கட்சிக்காரர் எங்க போயிக் குளிச்சாரு?"

அவர் அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் ஃபைலைப் பார்த்தார்.

ஜெயித்துவிட்டோம். கோர்ட் வராந்தாவில் நின்று தொகையைச் சொல்ல வாயெடுத்தேன். மாரியப்பன் தடுத்தார்.

"அது கெடக்கட்டும்மா. நான் வழுக்கி விழலன்னு எழுதியிருக்கா? பஜார்ல எல்லாவனும் 'வழுக்கிட்டீரா வே'ன்னு கேலி பண்ணுதான். எம் மவளே அத நம்பிட்டா."

தீர்ப்பில் அந்த வரியைத் தேடி வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மறுபடியும் வாசித்தேன்.

புதிதாய்க் கறுப்புக் கோட்டு மாட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தொகையை நாமே கணக்குப் போட்டு மனுவில் எழுதிக்கொள்ளலாம். கட்சிக்காரர் எதற்காகப் படியேறி வந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு வாங்குங்கள்.

போன சீசனில் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். மாரியப்பன் இடது கையால் கத்தி பிடித்து மங்குஸ்தானைக் கீறிக்கொண்டிருந்தார். வலது கை முன்னைப்போல் மடங்காது. பழம் வாங்க வந்தவர், "கையில என்னண்ணே?" என்று கேட்டார்.

நாலெட்டுத் தள்ளி ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"போலீஸ் அடிச்சது" என்றார் மாரியப்பன், சத்தமாகவே.