நிறுத்தியதும் நின்றதும்

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி போன் செய்தான். "அக்கா போய்ட்டாங்கண்ணா." எங்கே என்று கேட்டுவிட்டேன். அவன் அழுதான். மடையனான எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்த வேலூர் ஆபீஸில் ஏழு வருடம் நம்மோடு ரவுட்டருக்கு நிரல் எழுதியவர் எஸ்தர். மாதனூர்க்காரர், அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. கர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிமட்டத்தில், நெட்வொர்க் பகுதி எங்கள் இருவருடையது. அவர் வாய்த்துடுக்கு உங்களுக்கெல்லாம் தெரியும். மேனேஜரைக்கூட விட்டுவைத்ததில்லை.

அனுப்பிய தகவலுக்குப் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப ஒரு டைமர் வைப்போம். இணைப்பு முடிந்ததும் டைமரை ரத்து செய்து, அது பயன்படுத்திய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். ஆனாலும் ரவுட்டர் எப்போதாவது ஒருமுறை காரணம் சொல்லாமல் செயலிழந்து விழுந்தது. மூன்று வாரம் ஒரே பேஜார். எஸ்தர் என் நிரலைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாப்பா நீ! இன்னிக்கு டூட்டி இல்லன்னு எங்கம்மாவுக்கு போன் பண்றாங்கன்னு வெச்சிக்கோ. பஸ் ஏறலன்னா வீட்லயே இருப்பாங்க. ஏறிட்டாங்கன்னா? கம்பெனி வாசல்ல போய்த்தான் எறங்குவாங்க. அதுக்குள்ள கம்பெனிய இடிச்சிடுவியா?"

நான் ரத்து செய்த நொடியில் டைமர் இன்னொரு பிராசசரில் ஓட ஆரம்பித்திருக்கிறது. அது ஓடி முடிக்கும் முன்பே நினைவகத்தைப் பிடுங்கியிருக்கிறேன்.

சரி, ஓடி முடியும்வரை காத்திருக்கச் செய்தேன். இப்போது ரவுட்டர் உறைந்து நின்றது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தகவலைத் தொடும்படி நிரலில் ஒரு பூட்டு உண்டு; டைமருக்குத் தேவையான அந்தப் பூட்டை நானே பிடித்துக்கொண்டு, அது முடியட்டும் என்று காத்திருந்தேனாம். "சாவிய நீ வெச்சினு, வேலைய முடிச்சிட்டு வான்னா அது எப்டிப்பா வரும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பூட்டை விட்டேன், டைமர் மறுபடி கிளம்பாதபடி தடுத்தேன், பிறகு காத்திருந்தேன். அதற்கப்புறம் ரவுட்டர் விழவில்லை.

"நிறுத்தறது வேற, நிக்கறது வேற. நின்னுடுச்சான்னு கேளு, அப்பறம் கைய வை." இதை அவரிடம் எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

போன வருடம் அவருக்கு நோய் வந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் வேலைக்கு வந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, "மருந்த நிறுத்திட்டாங்கப்பா" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலமே ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா வாங்கி வந்து, மறுநாள் எல்லோருக்கும் கொடுத்தேன். நீங்களும் சாப்பிட்டீர்கள். எஸ்தர் பாதியைக் கடித்துவிட்டு, "ஸ்வீட் ஜாஸ்தி" என்றார்.

அடக்கம் முடிந்ததும் அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மருந்து கேக்கலன்னு நிறுத்திட்டாங்களேப்பா. உங்கிட்ட சொல்லலியா அவ?"

சொன்னார், அம்மா. நான்தான் கேட்கவில்லை.

அவரை இனி எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. ஆறுதலாகச் சொல்லவும் என்னிடம் ஒன்றுமில்லை. அந்த நிரல் மட்டும் இன்றும் விழாமல் ஓடுகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. ஒரு டைமருக்காக அதைக் கேட்டேன்; மருந்தை நிறுத்தியபோது, நோய் நின்றுவிட்டதா என்று அவரிடம் கேட்கவில்லை.

நின்னுடுச்சா, எஸ்தர்?