மேளம் தட்டும் தகரக் குரங்கு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் விளையாட்டு நேரம். என் கணவர் காரைக்குடி செக்காலை ரோட்டில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஜும்ஆ தொழுகைக்காகக் கடையைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார். சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். மகள் ஓடி வந்து பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொள்வாள். அவர் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற, கம்பிகள் மறைந்து வெறும் பளபளப்பு மட்டும் தெரியும். அப்போது அவள் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு நுனிக்காலில் குதிப்பாள். அவள் சந்தோஷம் அப்படித்தான் வெளியே வரும்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டாள். திடீரென்று சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். இன்றைக்கு இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அறுபதுகளில் நாங்கள் பார்த்த டாக்டர்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் 'ஒரு மாதிரியான புள்ள' என்றார்கள்.

சைக்கிள் அலுத்துப்போனால் பால்ரஸ், சக்கர அச்சுக்குள் உருளும் குண்டுகள். பழைய இரும்புக் குண்டுகளை அவர் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டுவார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்ப்போம். தூறல் விழுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவள் காதைப் பொத்தமாட்டாள். ஒருநாள் அவளுக்கு மூத்த என் மகன், சும்மா ஒரு ஆசையில், சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகி டகடகவென்று ஓடவிட்டான். அவள் சுருண்டு விழுந்து அலறினாள். அவன் அட்டையை உருவிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்தது பெரிய மனிதர்களுக்குத் தெரியவில்லையே என்று நான் பிற்பாடு எத்தனையோ முறை காறித் துப்பியிருக்கிறேன்.

என் மதினி, அதாவது கணவரின் அக்காள், இருந்தது தேவகோட்டையில். மதினியின் கணவர் பினாங்கில் கடை வைத்திருந்தவர். தன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று மதினி ஆள் அனுப்பியதால் நால்வரும் பஸ் ஏறிப் போனோம்.

வளவு, முற்றம் என்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அத்தரும் வியர்வையும் கறிக்குழம்பும் சேர்ந்து ஒரு வாடை. மகள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு தகரக் குரங்கை எடுத்தார். முதுகில் சாவி, மடியில் சின்ன மேளம்.

"இங்குட்டு கொண்டாம்மா ஒம் மகள. மாமா வெளையாட்டுக் காட்டுறேன்."

"வேணாண்ணே. சத்தம் அவளுக்கு ஆகாது."

"அதெல்லாம் நீ குடுக்குற செல்லம்." சாவியை முறுக்கிக் குரங்கை அவள் காலடியில் வைத்தார்.

தகரம் தடதடவென்று அடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, முழங்கைகளை உதறி, உடம்பே கிழிந்துவிடுவது போலக் கத்தினாள். ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "ஆடுது பாரு, ஆடுது பாரு" என்றாள் ஒரு கிழவி. குரங்கு நின்றதும் அண்ணன் மறுபடி சாவி கொடுத்தார். நான் பிள்ளையைத் தூக்க எழுந்தேன். அதற்குள் அவர் அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துக் காதிலிருந்து கைகளை விலக்கினார்.

"கேக்கட்டும். கேட்டுக் கேட்டுத்தான் பழகும்."

அவர் வாயிலிருந்து வெற்றிலை எச்சில் அவள் நெற்றியில் தெறித்தது. விரல்களில் நெய் மினுமினுத்தது. சற்று முன்புதான் அதே கையைக் கழுவி உளூ செய்து, எல்லாருக்கும் முன்னால் நின்று தொழுதிருந்தார். அந்தப் பிசுபிசுத்த விரல்கள் என் பிள்ளையின் மெலிந்த மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் திறந்த வாய்கள், சிவந்த பற்கள். நல்லவர்கள் என்று நான் நினைத்திருந்தவர்களின் வாய்களும் அதில் இருந்தன.

அவர் கையைத் தட்டிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றினேன். குரங்கு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், எலும்பும் எச்சில் சோறும் கொட்டியிருந்த அண்டாவுக்குள் போட்டேன். கொழுப்பு படர்ந்த தண்ணீருக்குள் அது இரண்டு அடி அடித்துவிட்டு அடங்கியது.

"புள்ளைக்கு மட்டுமில்ல, தாய்க்கும் புத்தி பிசகிப் போச்சு" என்றார் அண்ணன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

என் கணவர் அதுவரை வாசலில் பந்தல்காரரோடு நின்றிருந்தார். அலறல் கேட்டு உள்ளே வந்தவர், மகளின் மணிக்கட்டில் விரல் பதிந்திருந்ததைப் பார்த்தார். "செருப்ப மாட்டு, போவோம்" என்றார். மகன் மட்டும் பிரியாணி போச்சே என்று பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டு வந்தான். அவனுக்கு அவர் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பல நாட்கள் மகள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தாள். சக்கரத்தைச் சுற்றினாலும் வரவில்லை. அவள் நெற்றியை நான் எத்தனையோ தடவை கழுவினேன். அந்த எச்சில் போனதாகவே எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணம் முடிந்து மதினி ஒரு டப்பா அல்வாவோடு வந்தாள். "அவுக வெளையாட்டுக்குத்தானே செஞ்சாக. நீ பெருசு பண்ணிப்புட்டியே" என்றாள்.

"வெளையாட்டுன்னா அவளும் சிரிச்சிருக்கணும்ல மதினி?"

மதினி கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் தாம்பாளத்தை எடுத்து வைத்தேன். குண்டுகள் உருளும் சத்தத்துக்கு மகள் தவழ்ந்து வெளியே வந்தாள். மதினி கையை நீட்டவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, வெறுமனே மறுபக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு காரைக்குடிக்கு வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவளோடு எனக்குப் பகை இல்லாமல் போனது.

அண்ணன் விஷயம் வேறு. அவர் இருக்கும் விருந்துக்கு நாங்கள் போகவில்லை. எழுபதுகளில் அவர் மௌத்தானபோது மதினிக்காகத் துக்க வீட்டுக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் அவருடைய தாராள மனசைப் பற்றிப் பேசிப் பேசி அழுதார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஒரு சொட்டுகூட வரவில்லை. யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள். அந்த வீட்டில் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது என்று சொல்ல முடியாமல், வயிறு சரியில்லை என்றேன்.