ஆதாரில் அறுபத்தைந்து

மூளையை பெட் ஸ்கேன் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட் வேலையில் எனக்கு இது ஏழாம் வருடம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்கேனுக்கு முன் கேட்க வேண்டியவை என்று ஒன்பது வரிப் பட்டியல் வைத்திருந்தேன். சர்க்கரை, மாத்திரை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் என்று போகும். முதல் வரி வயது. அதை மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆதார் அட்டையைப் பார்த்து எழுதிவிடுவேன்.

மருதாயி ஜீயபுரத்திலிருந்து வந்தார். வாழைத்தோப்பில் இலை அறுத்துக் கட்டும் வேலை. ஒரு வருடமாக வலது கை மெதுவாகி, நடையும் இறுகியிருந்தது. கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மூளையில் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனம் மட்டும் குறைந்திருந்தால் மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாம். அதை வாங்கிக்கொள்ளும் ரிசப்டர்களே குறைந்திருந்தால் கூட்டியும் பெரிய பயனில்லை. எது என்று பார்க்கத்தான் ஸ்கேன்.

ரிசப்டர்கள் எல்லோருக்கும் வயதோடு குறையும். அதனால் அதே வயதுள்ள, நோயில்லாதவர்களோடுதான் ஒப்பிடுவோம். அவர்களின் அளவு திரையில், வயது ஏற ஏறச் சரிந்து இறங்கும் ஒரு பட்டை. நோயாளி அதில் ஒரு புள்ளி. அறுபத்தைந்து என்று போட்டேன். புள்ளி பட்டைக்குள்தான் விழுந்தது, கீழ் விளிம்பை ஒட்டி.

"இந்த வயசுக்கு இது சரியாத்தாங்க இருக்கு. மாத்திரையக் கூட்டிப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"அப்ப தை மாசம் இலை அறுக்கப் போயிருவா" என்றார் கணவர் கருப்பையா.

ரிப்போர்ட்டை என்னிடம் வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

"அறுபத்தஞ்சா? எனக்கே அம்பத்திமூணுதான் பாப்பா. அப்ப இவ எனக்கு அக்கால்ல!"

"சிரிக்கிறதப் பாரு" என்றார் மருதாயி. "ஆதார் எடுத்த பய என் நரைச்ச தலையப் பாத்து அவனாப் போட்டான். நீங்கதான பக்கத்துல நின்னுக்கிட்டு, 'எதையாச்சும் போட்டு அனுப்புப்பா, கூட்டமா இருக்கு'ன்னீங்க?"

"நீங்க எப்பம்மா பொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"திருச்சிக்குள்ள வெள்ளம் வந்துச்சே, அந்த வாரம். எங்கம்மா பரண்மேல ஏறி உக்காந்து பெத்துச்சாம்."

எழுபத்தேழில் வந்த அந்த வெள்ளத்தைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கணக்குப் போட நேரமாகவில்லை. நாற்பத்தெட்டு.

"கொஞ்சம் உக்காருங்க" என்று ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வயதை மாற்றினேன். ஸ்கேனில் வந்த அளவு அதேதான். புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது. அந்த இடத்தில் பட்டை உயரத்தில் இருந்தது. புள்ளி அதற்கு வெகு கீழே தனியாக நின்றது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நானும் முகத்தப் பாத்து நம்பிட்டேன்மா" என்றார். முப்பது வருட வெயிலை நாங்கள் இருவருமே வயது என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

அவர்களை மறுபடி அழைத்து, மாத்திரையைக் கூட்டினாலும் கை பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். கருப்பையா என் பக்கம் திரும்பினார்.

"இப்பத்தான சரியா இருக்குன்னீங்க?"

"நான் வயசத் தப்பாப் போட்டுட்டேங்க."

மருதாயி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தப் பய போட்ட வயசையே வச்சுக்கிறக் கூடாதா பாப்பா? அதுல நல்லாத்தான இருந்தேன்."

அதன் பிறகு அட்டையைப் பார்த்து நான் வயதை எழுதியதில்லை. "நீங்க பொறந்தப்ப ஊர்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறேன். புயல், தேர்தல், அண்ணன் கல்யாணம் என்று எதையாவது சொல்வார்கள். பலர் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டு, இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் எண்ணை அடிக்கிறேன். அட்டையில் உள்ளதைவிட வயது குறைவாக வந்தால், அடிக்கும் முன் என் கை சற்று நின்றுவிடுகிறது.