சுகம் என்று சொன்ன பிறகும் இருந்த மறதி

லிம்போமா என்ற கேன்சருக்குக் கீமோ முடிந்து, என் ஸ்கேன் சுத்தமாக வந்தது போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம். அந்த ஞாயிறே கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபையில் எழுந்து, பரிபூரண சுகம் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். எதையும் சட்டென்று முடிக்கிற ஆள் நான்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் மருந்துக்கடை வேலைக்குத் திரும்பினேன். பார்மசி படித்தவன். முன்பெல்லாம் டாக்டர் சீட்டைப் பார்த்ததுமே கை தானாக அலமாரிக்குப் போகும். இப்போது அலமாரி முன்னால் நின்றால், எதற்கு வந்தேன் என்றே தெரியவில்லை. ஒரு நாள் பிரஷர் மாத்திரைக்குப் பதிலாகச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்.

"தம்பி, எப்பவும் சின்ன மாத்திரதான குடுப்ப? இதென்ன இம்மாம் பெருசா இருக்கு?" என்று அந்த அம்மா அங்கேயே கேட்டதால் தப்பித்தோம். கேட்காமல் போயிருந்தால்?

யாரிடம் சொல்வது? சுகம் என்று சாட்சி சொன்னவன் மறுபடி நோயைப் பேசினால், எங்கள் சபையில் அவிசுவாசம் என்பார்கள். அதனால் செக்கப்பில் டாக்டர் கேட்டபோதும், "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லாயிட்டேன்" என்றேன். கடலூர் திரும்பும் பஸ்ஸில் அழுதேன். வேலையை விட்டுவிட முடிவு செய்தேன். "ஆண்டவரே, இந்த மறதியை எடுத்துப்போடும். இல்லையென்றால் இதை வாய்விட்டுச் சொல்ல ஒரு வழியையாவது திறந்துவிடும்" என்று ஜெபித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். விண்ணப்பங்கள் சொல்லும் நேரத்தில், மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்த ஸ்டெல்லா அக்கா எழுந்தார்.

"பாஸ்டர், கேன்சர் போயிடுச்சு. ஆனா கீமோவுக்கு அப்புறம் மறதி ஜாஸ்தி. உப்பு போட்டனா இல்லியான்னு தெரியாம மறுபடி மறுபடி போடறேன். எங்க வூட்டுக்காரரு பாவம், வாயத் தொறக்காம தின்னுட்டுப் போறாரு. இதுக்கும் ஜெபம் பண்ணுங்க."

"சொகமாயிடுச்சின்னு சாட்சி சொன்னீங்களே அக்கா?" என்றார் ஒருவர்.

"சொன்னேன். அதுவும் நெசம், இதுவும் நெசம். ஆண்டவருக்குத் தெரியாததா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து, "எனக்கும்தான்" என்றேன். பாஸ்டர் இறங்கி வந்து எங்கள் இருவருக்காகவும் ஜெபித்தார்.

மறுவாரம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேன்சர் திரும்பவில்லை என்று பரிசோதித்துச் சொன்னார். கீமோ எடுத்த பலருக்கு இப்படி வருமாம், மெல்லக் குறையுமாம், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடுமாம். நன்றாகத் தூங்கு, நட, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய் என்றார்.

கடை முதலாளியிடமும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னப்பா? இதுக்குப் போயி வேலைய வுடுவியா?" என்று திட்டினார். இப்போது நான் எடுக்கும் மாத்திரையின் பெயரை, உடன் வேலை செய்யும் கவிதா சீட்டோடு ஒப்பிட்டு உரக்கப் படித்த பிறகுதான் கொடுக்கிறோம்.

மறதி முழுதாகப் போகவில்லை. ஜெபத்திலும் பாதியில் வார்த்தை நின்றுவிடுகிறது. அடுத்த வார்த்தையைத் தேடி எடுக்கும்வரை ஆண்டவர் காத்திருக்கிறார். அவரை இவ்வளவு பொறுமையானவராக நான் முன்பு அறிந்ததில்லை.

சாட்சி சொல்லிவிட்டோமே என்று வாய் மூடியிருப்பவர்களே, மீதியையும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள்.